முன் சீட்டு

உட்காருங்க தம்பி. சாவியை மேஜை மேல தேடாதீங்க, அது என் கையிலதான் இருக்குது. கோவிச்சுக்காதீங்க. நான் ஒண்ணும் உங்க வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிடமாட்டேன், எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. என் பையன் எபி வந்துடுவான். பொண்ணும் கூட வருவா. மில்லு ரோட்டுக்குப் போயிருக்காங்க, போன் பண்ணிட்டேன். அரை மணி நேரம். அதுவரைக்கும் நீங்க இந்த வண்டியில மலையேறப் போகக்கூடாதுங்க.

தெரியுதுங்க. கழட்டி வெச்ச பழைய ஃபில்டர் டப்பாவை வாங்கிட்டுப் போகத்தான் வந்தீங்க. வீட்டுல உங்க சம்சாரமும் குழந்தையும் துணிமணி எடுத்து வெச்சுக்கிட்டு ரெடியா இருக்காங்க. கோத்தகிரிக்குப் போகணும். அதைக் கேட்டதும்தான் நான் சாவி மேல கையை வெச்சேன். பத்து நாளா உங்களுக்குத்தான் போன் போட்டுக்கிட்டு இருக்கோம். நம்பரை மாத்திட்டீங்களாமே. நாலு வண்டிக்காரங்கள்ல மூணு பேர் வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நாலாவது நீங்க.

இல்லைங்க, வண்டி நல்லா ஓடுதுன்னு சொல்லாதீங்க. நல்லா ஓடுற மாதிரிதான் இருக்கும். அதுதான் தொந்தரவே.

முதல்ல இந்த சுக்குக் காப்பியைக் குடிங்க. கருப்பட்டி போட்டது.

என்ன, டேப்லெட் பழுதா? ஆமாங்க, அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கு. பதிவு பண்ற டேப்லெட் பழசு, சுணங்கிடுச்சு, அதனால லாக் தப்பாப் போச்சுன்னு. சிரிக்கிறீங்க. ரெண்டாந்தடவை பணம் புடுங்கறதுக்கு வழின்னு நினைக்கிறீங்க. "உங்க பையனே அன்னிக்கு லாக்கைக் காட்டினாரே, கோடு நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சே"ங்கறீங்க. இருந்துச்சுங்க. நான் இல்லைன்னே சொல்லல.

அந்த லாக்கைப் போட்டது யாருன்னு ஞாபகம் இருக்குதா? உங்க வண்டி முன் சீட்டுல, மடியில டேப்லெட்டை வெச்சுக்கிட்டு, சேலையைப் பின் குத்திக்கிட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே. நீங்க கூட வாசல் கேட்டுப் பக்கம் நின்னு, "என்னங்க, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா"ன்னு எபியைக் கிண்டல் பண்ணீங்களே. அவன் என்ன சொன்னான்? "இவங்கதான் சார் என்னோட லாக் இஞ்சினியர்"னு சொன்னான். சொன்னானா இல்லையா? எனக்கு அந்த வார்த்தை போதும்ங்க. எட்டாவதோட நின்னவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்.

ஒரு வருசம் நான் அந்தச் சீட்டுல உட்கார்ந்தேன். முன்னாடி அவன் சிநேகிதன் ஒருத்தன் கூடப் போவான், அவன் துபாய்க்குப் போயிட்டான். ஒரு நாள் எபி அடுப்படிக்கு வந்து நின்னான். "அம்மா, உனக்கு நம்பர் படிக்கத் தெரியுமில்ல?"ன்னான். "உனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தது யாருடா?"ன்னேன். "அப்ப வா"ன்னு கூட்டிட்டுப் போயிட்டான். மாவு கரைச்ச கையோட போனேன்.

வேலை என்னன்னா, ஒண்ணும் பெருசில்லை. இந்த டர்போங்கறது ஒரு காத்தாடி, இல்லைங்களா? புகை வெளிய போற வேகத்துல அது சுத்தும், சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கும். எவ்வளவு திணிக்குதோ அதுக்குப் பேரு பூஸ்ட். அதைக் கொஞ்சம் கூட்டினா வண்டி பறக்கும், உங்க வண்டிக்கும் எபி அதைத்தான் பண்ணிக் குடுத்தான். அளவு மீறினா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே உள்ள வெடிச்சு, டொக்கு டொக்குன்னு பிஸ்டனை அடிக்கும். அந்தச் சத்தம் ஓட்டறவன் காதுக்குச் சில நேரம் கேட்கும், பல நேரம் கேட்காது. கேட்கறதுக்குள்ள பிஸ்டன் உடைஞ்சிரும். அதனால குருட்டாம்போக்குல எதையும் கூட்டக்கூடாது. லாக் போடணும். வண்டியோட மூளையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து டேப்லெட்டுல மாட்டினா, காத்து எவ்வளவு, சூடு எவ்வளவு, எங்க அடிச்சுது, எல்லாம் கோடு கோடாப் பதிவாகும். ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்தினா மூணு ஓட்டம் ஓடணும். மூணும் ஒரே மாதிரி வந்தாத்தான் அடுத்தது. பெட்ரோலும் ஒரே பங்க்குல போடணும். பாருங்க, எனக்கு எல்லாம் தெரியுது. எட்டாவதுன்னு சொன்னேனே ஒழிய, மண்டையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லல.

மூடிப்போன மில்லுக்குப் பின்னாடி ஒரு நேர் ரோடு இருக்குதில்ல, ஆடு மாடு கூட வராது. எபியோட அப்பா அந்த மில்லுல இருபத்தெட்டு வருசம் ஸ்பின்னிங்ல இருந்தவர். அந்தப் பேருக்காக வாட்ச்மேன் இன்னிக்கும் கேட்டைத் திறந்து விடறார். விடிஞ்சதும், சூடு ஏறறதுக்கு முன்னாடி போயிருவோம். மூணாவது கியர்ல மெதுவா உருட்டிக்கிட்டு வருவான். "போடு"ம்பான். சொல்லிட்டு ஒரே மிதி. நான் டேப்லெட்டுல இருக்கற சிவப்புப் பட்டனைத் தொடணும். காலை எடுத்ததும் "நிறுத்து"ம்பான். மறுபடி தொடணும். ஓட்டறவன் கண்ணு ரோட்டைத்தான் பார்க்கணும், பட்டனை ஓட்டறவன் தொடக்கூடாதுன்னு அவனுக்கு ஒரு சட்டம். நல்ல சட்டம். அந்தச் சட்டத்தினாலதான் எனக்கு அந்த இடம் கிடைச்சுது.

அறுபத்தொரு ஓட்டம். ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். தேதி, எந்த வண்டி, சூடு எவ்வளவு, அன்னிக்குக் காத்து அடிச்சுதா, எல்லாம். உங்க வண்டி அம்பத்திரண்டுலிருந்து அம்பத்தெட்டு வரைக்கும்.

முதல் தடவை அவன் மிதிச்சப்ப என் முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு தம்பி. கத்தலை. எபி பார்த்துச் சிரிச்சான். அவன் சின்னப் பையனா இருந்தப்ப சிரிச்ச சிரிப்பு. அவனுக்கு இப்ப முப்பத்து நாலு. கல்யாணப் பேச்செடுத்தா, "டர்போவைக் கட்டிக்கிட்டேன், ரெண்டாந்தாரம் சரிப்படாதும்மா"ங்கறான். வீட்டுல என்னோட நாலு வார்த்தை பேசமாட்டான். ஆனா அந்த ரோட்டுல, வண்டியைத் திருப்பிக்கிட்டு நிறுத்தி, டேப்லெட்டைப் பார்த்துக்கிட்டு, "அம்மா, இது பாரு, காத்து நேரா வந்து நிக்குது பாரு"ன்னு எனக்குக் காட்டுவான். எனக்கு. ஃப்ளாஸ்க் மூடியில காப்பி ஊத்திக் குடுப்பேன். ஒரே மூடியில ரெண்டு பேரும் குடிப்போம்.

சரிங்க, விஷயத்துக்கு வர்றேன். வாட்சைப் பார்க்காதீங்க.

என் பொண்ணு பெர்சி வந்தா. சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கார் கம்பெனியில, எஞ்சினை ஓட வெச்சுச் சோதிக்கிற இடத்துல நாலு வருசம் வேலை. போன சித்திரையில வேலையை விட்டுட்டேன்னு பெட்டியோட வந்து நின்னா. "அண்ணன்கூடச் சேர்ந்து பண்றேம்மா"ன்னா. எனக்குச் சந்தோசம். பெத்த பொண்ணு வீட்டுக்கு வந்தா சந்தோசம் இல்லாம இருக்குமா? ஸ்தோத்திரம் பண்ணினேன். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் பண்ணினேன், அவளுக்கு உசுரு.

மறுநாள் விடிகாலையில நான் குளிச்சு, பின் குத்தி, ஃப்ளாஸ்க்கோட வெளிய வர்றேன். முன் சீட்டுல அவ உட்கார்ந்திருக்கறா. பெல்ட்டெல்லாம் போட்டாச்சு. மடியில அவளோட லேப்டாப்பு.

பின் கதவைத் திறந்தேன். அப்ப அவ சொல்றா, "அம்மா, நீ வர வேண்டாம்மா. எடை கூடினா ரீடிங் மாறிடும். எப்பவும் ரெண்டு பேர்தான் இருக்கணும்."

எடையாம். கேட்டுக்கிட்டீங்களா? அறுபத்தொரு ஓட்டம் ஓடினவ எடையாம். நான் அவனைப் பார்த்தேன். அவன் "அவ சொல்றது சரிம்மா, நீ தூங்கு"ன்னான். காப்பியை மட்டும் ஜன்னல் வழியா வாங்கிக்கிட்டாங்க. ஃப்ளாஸ்க்கு போச்சு, நான் போகல.

எனக்குப் பொறாமைன்னு நினைச்சுடாதீங்க. என் வயித்துல பொறந்தவ மேல எனக்கென்ன பொறாமை? வெளியாளுங்க மேலயே எனக்குப் பொறாமை வந்ததில்லை. ஜெபம் பண்றவ நான். ஆனா ஒரு ஞாயம் வேணுமில்ல. அவ உசரம், சீட்டைப் பின்னாடி தள்ளி வெச்சுக்குவா. நான் மத்தியானம் போய் முன்னாடி இழுத்து வெச்சுடுவேன். எனக்கு எதுக்கு? நான் உட்காரப்போறதில்லை. வண்டியில ஒரு சீட்டு சரியான இடத்துல இருந்தா நல்லதுதானே. மறுநாள் காலையில அவ முட்டி இடிச்சுக்கிட்டு "யாருண்ணா இதை மாத்தறது"ன்னு கத்துவா. எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்கும்.

அவங்க ரெண்டு பேரும் சாப்பிடறப்பப் பேசற பேச்சு இருக்குதே. முன்னெல்லாம் எபி தட்டுல தலையைக் கவுத்துக்கிட்டுச் சாப்பிடுவான். இப்ப சிரிப்பு என்ன, மேஜையில விரலால கோடு போட்டுக் காட்டறதென்ன. நான் ரசத்தை வெச்சுக்கிட்டு நிப்பேன். "எபி, சூடு எவ்வளவுடா இன்னிக்கு?"ன்னு கேட்டேன் ஒரு நாள். நானும் கேட்கலாமில்ல. "ரசம் சூடாத்தாம்மா இருக்கு"ன்னுட்டு அவகிட்டத் திரும்பிட்டான். ஆப்பமா? ரெண்டு வாரமா செய்யல. மறந்துட்டேன். மறதிதாங்க, வேறென்ன.

அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தாங்க. எபியோட சொந்த வண்டி, அந்த நீல வண்டி. அதுல அவ போட்ட லாக்குல ஒரு மேடு. மிதிச்ச உடனே காத்து சொன்ன அளவுல நிக்காம, மேல ஒரு எகிறு எகிறிட்டு அப்புறம் இறங்கி நிக்குதாம். ஒண்ணு புள்ளி ரெண்டுல நிக்க வேண்டியது ஒன்றரைக்கு மேல போயிட்டு வருது. அந்த மேட்டுல பிஸ்டன் அடி வாங்குது. அவ சொல்றா, "அண்ணா, குறைச்சே ஆகணும். இன்னிக்கே." அவன் சொல்றான், "அம்மா போட்ட அறுபது லாக்குல இந்த மேடு இல்லையே. இது உன் லேப்டாப்போட கோளாறு."

அம்மா போட்ட லாக்கு. அப்படித்தான் சொன்னான். நான் காதால கேட்டேன்.

அவ விடல. "நான் போடறதுல தெரியுதே!"

"அம்மா போட்டப்ப ஒண்ணும் தெரியலையே!"

"அம்மா போட்டா எஞ்சின் பயந்துக்கிட்டு ஒழுங்கா ஓடுமா?"

"ஓடும்டி. நீயும் நானும் பயப்படல?"

சிரிச்சுட்டாங்க ரெண்டு பேரும். ஆனா அவன் பூஸ்ட்டைக் குறைக்கல தம்பி. அடுத்த மாசம் ரேஸ் டிராக்ல ஓட்டறதுக்கு அதே அளவுலதான் வெச்சிருந்தான். என் லாக்கை நம்பி.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? பொய் சொல்லக்கூடாது. நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. நான் உட்கார்ந்தப்ப வராத கோளாறு அவ உட்கார்ந்ததும் வருது. ஏன்? நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஜெபம் பண்ணினவ. அவ கண்ணைத் திறந்துக்கிட்டு லேப்டாப்பைப் பார்க்கறவ. அந்த வியாழக்கிழமை எங்க சர்ச்சுல பெண்கள் கூட்டத்துல எழுந்திருச்சு நின்னு சாட்சி சொன்னேன். அறுபத்தொரு தடவை ஆண்டவர் அந்த எஞ்சினைக் காத்தார், நான் விலகினதும் சோதனை வந்துச்சுன்னு. ஆயரம்மா கூட "அல்லேலூயா"ன்னாங்க. எஞ்சினுக்காக ஒருத்தர் சாட்சி சொல்லி அவங்க கேட்டதில்லையாம். நானும் பெருமையா உட்கார்ந்தேன். கர்த்தருக்குத்தான் பெருமை, எனக்கில்லை. சொல்றதுக்காகச் சொன்னேன்.

மறுநாள் அவ என் நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா. யாரைக் கேட்டு எடுத்தா? பூரா மத்தியானமும் என் நோட்டும் அவ லேப்டாப்பும். சாயந்திரம் அடுப்படிக்கு வந்தா. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"அம்மா, அண்ணன் போடுன்னு சொன்னதும் நீ என்ன பண்ணுவே?"

"பட்டனைத் தொடுவேன். வேறென்ன பண்ணுவேன், பாட்டா பாடுவேன்?"

"பண்ணிக் காட்டும்மா. இந்தத் தட்டுதான் டேப்லெட்டுன்னு வெச்சுக்க." அவ கையில இருந்த போன்ல நொடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. "போடு!"ன்னா.

நான் கண்ணை மூடினேன். ஆண்டவரே, என் புள்ளையை உம்ம கையில ஒப்புக்குடுக்கறேன், ஆமென். தட்டைத் தொட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தா அவ என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறா. "எப்பவும் இப்படித்தானாம்மா?"ன்னா. எப்பவும் இப்படித்தான். எங்க வீட்டுல ஜெபம் பண்ணாம மிக்சி கூடப் போடமாட்டேன், அவளுக்கே தெரியும். ஆமென் சொல்லாம எதையும் தொட்டுப் பழக்கமில்லை எனக்கு. அவன் கார்ல போற வேகத்துக்கு நான் வேற என்ன செய்ய முடியும்? பெல்ட்டு அவன் போட்டுக்குவான், ஜெபம் நான்தானே பண்ணணும்.

அவ போனைத் திருப்பிக் காட்டினா. ரெண்டு நொடி, அதுக்கு மேல கொஞ்சம். "அம்மா, அந்த மேடு வந்து போறதே ரெண்டு நொடிக்குள்ளதாம்மா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா.

இப்பப் புரியுதுங்களா? நான் தொடறதுக்குள்ள காத்து எகிறி, பிஸ்டனை அடிச்சு, இறங்கி நின்னுடுது. அப்புறம்தான் என் லாக்கே ஆரம்பிக்குது. நூல் புடிச்ச மாதிரி கோடு ஏன் வராது? கலவரம் முடிஞ்சப்புறம் தெருவைப் படம் புடிச்சா தெரு அமைதியாத்தான் இருக்கும். எபிக்குக் கூட ஒரு தடவை சந்தேகம் வந்துச்சு. "ஏம்மா, எஞ்சின் மூவாயிரம் சுத்துக்கு வந்தப்புறம்தான் லாக்கு ஆரம்பிக்குது? இந்த டேப்லெட் சுணங்குதோ?"ன்னான். நான் ஆமான்னும் சொல்லல. இல்லைன்னும் சொல்லல. சொன்னா என்ன பண்ணுவான்? "அம்மா, நீ ஜெபத்தை வீட்டுலயே முடிச்சுட்டு வா"ம்பான். இல்லைன்னா வேற ஆளைப் பார்ப்பான்.

அவன் வேற ஆளைப் பார்ப்பான்ங்க. அதான்.

சரி, இப்பப் பெர்சி என்ன பண்ணியிருக்கணும்? நேரா அண்ணன்கிட்டப் போய், "உன் லாக் இஞ்சினியர் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க"ன்னு சொல்லியிருக்கணும். நான் அவ இடத்துல இருந்தா சொல்லியிருப்பேன். அவ சொல்லல. நான் உரிச்ச வெங்காயத்தை எல்லாம் கழுவி வெச்சா, நான் கேட்கவே இல்லை. அப்புறம் வெளிய போய் அவன்கிட்ட, "அண்ணா, அந்தப் பழைய டேப்லெட்டு ரெண்டு நொடி லேட்டாப் பதியுது. நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். பழைய லாக் எதையும் நம்பாதே. உன் வண்டியை முதல்ல குறை. அதுல போட்ட நாலு வண்டியையும் திரும்பக் கூப்பிடு"ன்னா. டேப்லெட்டு மேல பழி. அது பாவம், வாயில்லாத ஜீவன்.

எதுக்கு அவ அப்படிச் சொன்னான்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு ராத்தூக்கம் இல்லை. அன்புல சொன்னான்னு நினைக்கிறீங்களா? நீங்க வெளியாளு, உங்களுக்குத் தெரியாது. என்னைக் கைக்குள்ள வெச்சுக்கறதுக்கு. என்னிக்கு வேணும்னாலும் எடுத்துக் காட்டலாமில்ல, "இந்தா பாரு உன் அம்மா லட்சணம்"னு. ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் காட்டல. காத்துக்கிட்டு இருக்கறா போல. இப்பல்லாம் காலையில கிளம்பறப்ப என்கிட்ட வந்து, "அம்மா, ஜெபம் பண்ணி அனுப்பு"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா. எதுக்குங்கறேன்? வேணும்னே. எனக்குத் தெரியாதா.

எபி அவளைக் கொண்டாடறான். "பெர்சி மட்டும் கண்டுபிடிக்கலைன்னா டிராக்ல என் எஞ்சின் வெடிச்சிருக்கும்"னு வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்றான். வாஸ்தவம், வெடிச்சிருக்கும். நீல வண்டியில ஒரு பிஸ்டன்ல கீறல் விழுந்திருந்துச்சு, கழட்டிப் பார்த்தப்பத் தெரிஞ்சுது. அந்தப் பிஸ்டனை ஜன்னல்ல வெச்சிருக்கான், அதோ பாருங்க. எடுத்துப் பாருங்க. நகக் கண்ணு அளவுதான் கீறல். அந்த வண்டியிலதான் அவன் நூத்தியெழுபதுல போகப்போறேன்னு இருந்தான்.

நான் அதைத் தினம் துடைச்சு வைக்கறேன்.

ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டேன். அழுதேன். எபிகிட்டச் சொல்லுன்னுதான் சொல்லுவார்னு எனக்கே தெரியும், அதனால பதிலை ரொம்பக் கேட்கல. மூணு வண்டிக்காரங்க வந்தாங்க, டேப்லெட் பழுதுன்னதும் "ஓஹோ"ன்னு நம்பிட்டாங்க. வேலை முடிஞ்சு போயிட்டாங்க. சரி, அப்படியே போகட்டும்னு இருந்தேன். இன்னிக்கு நீங்க வந்தீங்க. டேப்லெட் பழுதுன்னு சொன்னேன், நீங்க நம்பல. கோத்தகிரின்னீங்க. பொண்டாட்டி புள்ளைன்னீங்க.

மலைப்பாதை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவுலயும் வேகம் குறைஞ்சு, மறுபடி மிதிப்பீங்க. ஒவ்வொரு மிதிக்கும் அந்த மேடு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு அடி. எத்தனை வளைவுங்க அங்க? வளைவுல பஸ்ஸுக்குப் பக்கத்துல எஞ்சின் நின்னு போச்சுன்னா? அதனாலதான் சொன்னேன். என் வாயால நான் இதைச் சொன்ன முதல் ஆள் நீங்க. உங்க வண்டி ஏழு ஓட்டமும் நான் கண்ணை மூடினதுதான். உங்க வண்டியில அந்த மேடு இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது, எபிக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. பார்க்கவே இல்லையே.

உட்காருங்க. கோபம் வர்றது ஞாயம். வரட்டும். சாவியை மட்டும் கேட்காதீங்க.

நீங்க அவன்கிட்டச் சொல்லிடாதீங்க தம்பி. கெஞ்சிக் கேட்டுக்கறேன். நீங்க பாட்டுக்கு, டேப்லெட் பழுதுன்னாங்க, அதான் காத்திருந்தேன்னு சொல்லிடுங்க. அரை மணி நேரத்துல அவ லாக் போட்டு, அவன் குறைச்சுக் குடுத்துருவான். நீங்க மலைக்குப் போயிட்டு வாங்க, குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. உங்களுக்காகத் தினம் ஜெபம் பண்றேன். உங்க பேரு நவநீதன்தானே, நோட்டுல இருக்குது.

அதோ, நீல வண்டி சத்தம். கேட்குதா? காத்தாடி சுத்தற சத்தம் தனியாத் தெரியும் எனக்கு. முன் சீட்டுல அவதான் இருப்பா. பாருங்க, அவதான். எறங்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுக்கிட்டு வர்றா. லேப்டாப்பைத் திறந்துக்கிட்டே வர்றா. உங்களைப் பார்த்துட்டா. வாயைத் திறக்கறா பாருங்க, ஆரம்பிக்கப்போறா. எல்லாம் அவளுக்குத் தெரியும், எல்லாம் அவதான் சொல்லணும். சீட்டை எடுத்துக்கிட்டா, அவன் சாப்பாட்டு நேரத்துப் பேச்சை எடுத்துக்கிட்டா. என் தப்பைக் கூட அவளே எடுத்து, வேற பேரு வெச்சு, அவளே வெச்சுக்கிட்டு இருக்கறா. அதுவும் எனக்குன்னு இல்லை.

"வாங்க சார், அந்தப் பழைய டேப்லெட்டால…"

நீ பேசாதேடி பெர்சி. தள்ளி நில்லு. லேப்டாப்பை மூடு.

எபி, இங்க வா கண்ணு. வண்டியை அப்புறம் ஓரங்கட்டலாம். வா. இந்தத் தம்பி இருக்கட்டும், அவருக்குத் தெரியும், அவருக்கு முதல்ல சொல்லிட்டேன். உன் முகத்தை இப்படித் திருப்பு.

டேப்லெட் நல்லாத்தான் இருந்துச்சுடா. நீ "போடு"ன்னு சொன்னப்புறம்தான் நான் ஜெபம் பண்ண ஆரம்பிப்பேன்.